முட்டே கொடுக்காமல் வளைகூரையா? பைசாந்தியச் செங்கல் வேலை பற்றி

#1 திண்ணைவாசி

இஸ்தான்புல்லில் தரைக்கடியில் இருக்கிற பசிலிக்கா நீர்த்தொட்டி பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 336 தூண்கள், அவற்றின் மேல் செங்கல் வளைகூரை, 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசர் ஜஸ்டினியன் காலத்து வேலை. அதுவரை சரி. அப்புறம் அந்தப் பையன் சொல்கிறான், "இந்தக் கூரைக்கு மரமே பயன்படுத்தவில்லை, செங்கலை அந்தரத்தில் ஒட்டி ஒட்டியே கட்டினார்கள்" என்று.

எனக்கு இது இறங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்ன ஆர்ச் போடுவதற்கே கொத்தனார் பலகையை வளைத்து அடித்து, கீழே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, நன்றாக இறுகின பிறகுதான் பிரித்தார். இவர்கள் மட்டும் எப்படி? செங்கல் தலையில் விழாதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பண்டைய ரகசியம்" வகைப் பதில் வேண்டாம். அது வாட்ஸ்அப்பில் தேவைக்கு மேல் வருகிறது.

#2 பாரந்தாங்கி

காணொளிக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி, "மரமே" என்ற இடத்தில்தான் வண்டி தடம் மாறுகிறது. முதலில் நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டு ஆர்ச்சில் செங்கல்கள் வளைவின் நீளத்தோடு வரிசையாக உட்காருகின்றன. இரண்டு பக்கமும் ஏறி வந்து நடுக்கல் வைக்கிறவரை அது நிற்காது, அதனால் சென்டரிங் கட்டாயம். பைசாந்தியக் கொத்தர்கள் செங்கலைத் திருப்பிவிட்டார்கள். ஒரு நீளமான அறையின் கடைசியில் ஒரு முழுச் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். அந்தச் சுவரின் முகத்தில் செங்கல்லின் அகலப் பக்கத்தை ஒட்டி, வளைவு வடிவில் ஒரு வளையம் கட்டுகிறார்கள். வளையம் நேர்க்குத்தாக நிற்காது, சுவரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அடுத்த வளையம் அதன் மேல் சாயும். அலமாரியில் புத்தகங்களை ஒரு பக்கமாகச் சாய்த்து அடுக்கினால் எப்படி நிற்குமோ அப்படித்தான், ஆனால் வளைவாக.

சாய்வு இருப்பதால் ஒவ்வொரு கல்லின் எடையிலும் ஒரு பங்கு பின்னால் இருக்கிற வளையத்தின் மேல் அழுந்துகிறது. மிச்சத்தைக் கலவையின் ஒட்டுத்தன்மை பிடித்துக்கொள்கிறது. அதுவும் ஒரு வளையம் முடிகிறவரைதான். வளையம் மூடியதும் அது தானே ஒரு ஆர்ச். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், ஒட்டுத்தன்மை அதற்குப் பிறகு தேவையில்லை.

ஏறி நின்று வேலை செய்யச் சாரம் வேண்டும், அது வேறு. கல்லைத் தாங்குகிற சென்டரிங்தான் இங்கே தேவைப்படாமல் போகிறது.

#3 கரணை

நாங்கள் சிவகங்கைப் பக்கம், மூன்று தலைமுறையாகக் கொத்து வேலை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு இடறல். சுண்ணாம்புக் கலவை சிமெண்ட் மாதிரி சட்டென்று இறுகாது. நல்ல சுண்ணாம்புக்கு வாரக் கணக்கில், உள்ளே வரை போக மாதக் கணக்கில் ஆகும். அந்தக் கலவையை நம்பி எப்படிக் கல்லை அந்தரத்தில் விட்டார்கள் அண்ணா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். மரக்கட்டைகளை இடைவெளி விட்டுப் பதித்து, நடுவில் சின்ன மெல்லிய செங்கலைக் குத்தலாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கீழே பலகை கிடையாது. ஒரு மூலையில் ஆரம்பித்து, முன்னால் ஒட்டிய கல்லின் மேல் அடுத்த கல்லை அப்பி, ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கையை எடுத்தால் அது அப்படியே நிற்கும். என் தாத்தா செய்து பார்த்திருக்கிறேன். அதனால் "நடக்காது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

#4 பாரந்தாங்கி

கரணை, கேள்வியிலேயே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். அந்தத் தேய்ப்புதான் விஷயம். இறுகுவது வேறு, பிடிப்பது வேறு. காய்ந்த, துளையுள்ள கல்லை ஈரக் கலவையில் வைத்துத் தேய்த்தால் கல் கலவையின் நீரை உறிஞ்சுகிறது, கலவை அந்த இடத்தில் கெட்டிப்பட்டுக் கல்லைக் கவ்வுகிறது. வளையம் மூடுகிறவரைக்கும் அந்தப் பிடி போதும். ரசாயனமாக இறுகுவது பிற்பாடு தன் போக்கில் நடக்கும்.

இதில் கல்லின் வடிவம் பெரிய பங்கு. கான்ஸ்டான்டிநோபிள் (இஸ்தான்புல்லின் பழைய பெயர்) செங்கல் சதுரமானது: ஒரு பக்கம் 35 முதல் 38 செ.மீ., கனம் வெறும் 4 அல்லது 5 செ.மீ. பார்த்தால் ஓடு என்றுதான் சொல்வோம். நம் சூளைக்கல் 9 x 4.5 x 3 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 37 செ.மீ. சதுரக் கல் ஏறத்தாழ 10 கிலோ; ஒட்டுகிற பரப்பு சுமார் 1,370 சதுர செ.மீ. அதாவது ஒரு சதுர செ.மீ. கலவை பிடிக்க வேண்டியது 7 கிராம் சொச்சம். நம் கல் 3 கிலோ, பரப்பு 264 சதுர செ.மீ., ஆக 11 அல்லது 12 கிராம். பைசாந்தியக் கல் மூன்று மடங்கு எடை இருந்தும் ஒட்டுவதற்கு அதுதான் சுலபம். நீள அகலம் கணக்கில் அடிபட்டுப் போகும், தடிமன்தான் மிஞ்சும். மெட்ராஸ் டெரஸ் கல்லும் மெல்லிசாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எகிப்தில் நூபியக் கொத்தர்கள் மண்கல்லில் இதே வேலையைச் செய்வார்கள். ஹசன் ஃபத்தி என்ற எகிப்தியக் கட்டடக் கலைஞர் 1940களில் அஸ்வான் பக்கத்துக் கொத்தர்களைத் தேடிப் பிடித்து நியூ குர்னா கிராமத்தைக் கட்டினார். அவர்கள் பயன்படுத்திய கல் 25 x 15 x 5 செ.மீ., எடை குறையட்டும் என்று வைக்கோல் கூடுதலாகச் சேர்த்தது. கல் ஈரமாக இருக்கும்போதே அகலப் பக்கத்தில் விரலால் கோடு இழுத்துவிடுவார்கள், கலவை உறிஞ்சிப் பிடிக்கட்டும் என்று.

#5 ஏட்டுப்பூச்சி

வரலாற்றுப் பக்கத்தை நான் நிரப்புகிறேன். சாய்த்து அடுக்குகிற இந்த முறை பைசாந்தியர் கண்டுபிடித்தது அல்ல. எகிப்தில் லக்சர் நகரத்தின் மேற்குக் கரையில் இரண்டாம் ராம்சேசின் ராமேசியம் கோயிலை ஒட்டித் தானியக் கிடங்குகள் இருக்கின்றன, கி.மு. 13ஆம் நூற்றாண்டு. மண்கல் வளைகூரை, சாய்வு வளையங்கள் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும். ஃபத்தியின் நியூ குர்னாவும் அதே கரையில்தான்.

மெசபடோமியாவிலும் இது பழைய வழக்கம். பாக்தாத்துக்குத் தெற்கே டெசிபோனில் சாசானியப் பாரசீக அரசர்களின் அரண்மனை வளைவு நிற்கிறதே, சுமார் 25 மீட்டர் அகலம், அதன் மேல்பகுதி இதே முறைதான். கீழ்ப்பகுதியில் கற்களைப் படுக்கையாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி, தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் சாய்வு வளையம் ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி: ஜிப்சக் கலவை. அது நிமிடக் கணக்கில் இறுகும். பைசாந்தியர் கையில் இருந்தது சுண்ணாம்பு.

ரோமில் ஏன் இதைச் செய்யவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ரோம் நகரத்தைச் சுற்றியே எரிமலைச் சாம்பல் மண் கிடைத்தது. சுண்ணாம்போடு கலந்தால் கல்லாகவே இறுகும். அவர்கள் பெரிய மரச் சென்டரிங் போட்டு அதன் மேல் கான்கிரீட் கொட்டினார்கள். சின்ன ஆசியாவிலும் (இன்றைய துருக்கி) கிரேக்கத்திலும் அந்தச் சாம்பல் கைக்கெட்டவில்லை, கூரையை முழுக்கச் செங்கல்லாலேயே எழுப்ப வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து வந்த மண்கல் நுட்பத்தைச் சுட்ட செங்கல்லுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் இதற்கு உதாரணம் இருக்கிறது.

#6 கரணை

மேற்கோள்: "பைசாந்தியர் கையில் இருந்தது சுண்ணாம்பு"

வெறும் சுண்ணாம்பா, எதையாவது சேர்த்தார்களா?

#7 ஏட்டுப்பூச்சி

சுர்க்கி. செங்கல்லை இடித்துப் பொடியும் நொய்யுமாகக் கலந்தது. முல்லைப் பெரியாறு விவாதம் புண்ணியத்தில் தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டாம். இஸ்தான்புல் கலவையை உடைத்தால் இளஞ்சிவப்பாக இருக்கும், உள்ளே செங்கல் துண்டு துண்டாகத் தெரியும். எரிமலைச் சாம்பல் செய்கிற வேலையை ஓரளவு இதுவே செய்துவிடும். தண்ணீரிலும் இறுகும், அதனால்தான் நீர்த்தொட்டிகளின் சுவர்ப் பூச்சும் இதுதான்.

#8 பொஸ்போரஸ்வாசி

வேலை நிமித்தம் இங்கே இஸ்தான்புல்லில் இருக்கிறேன். திண்ணைவாசி சொன்ன நீர்த்தொட்டிக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் போய்த் தீர வேண்டியிருக்கிறது, அதனால் கூரையை நன்றாகவே பார்த்திருக்கிறேன். எல்லாரும் தூணடியில் இருக்கிற மெடூசா தலைச் சிற்பத்துக்குப் பின்னால் ஓடுவார்கள், கழுத்து வலிக்க மேலே பார்க்கிறவர் குறைவு.

தூணுக்குத் தூண் நாலு பக்கமும் ஆர்ச். நடுவில் இருக்கிற கட்டத்தில்தான் வேடிக்கை. விளிம்பு ஆர்ச்சை ஒட்டிச் செங்கல் வரிசை தொடங்கி, உள்ளே உள்ளே போய், நாலு பக்க வரிசைகளும் மூலைவிட்டத்தில் சந்திக்கின்றன. கீழிருந்து பார்த்தால் சதுரத்துக்குள் சதுரம். மூலைவிட்டத்தில் கோடு கீழ்ப்பக்கம் கூர்மையாக இருக்கும், மேலே போகப் போக மழுங்கி மறைந்துவிடும். நடு உச்சி சுற்றியிருக்கிற ஆர்ச்சின் உச்சியைவிட உயரம், லேசாக உப்பியிருக்கும்.

இன்னொன்று, கலவைப் பட்டை செங்கல் அளவுக்குத் தடிமன். சில இடத்தில் அதைவிடவும் கூட. நம் ஊரில் ஒரு கொத்தனார் இப்படிக் கட்டினால் மேஸ்திரி கரணையைப் பிடுங்கிவிடுவார்.

#9 பாரந்தாங்கி

அந்த "லேசாக உப்பியிருக்கும்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது அழகுக்காகச் செய்தது இல்லை.

ரோமானியக் குறுக்கு வளைகூரையில் உச்சி மட்டமாக ஓடும். இரண்டு அரை உருளைகள் வெட்டிக்கொள்வதால் மூலைவிட்டக் கோடு நீள்வட்டமாக வரும். அந்தக் கோட்டைச் சரியாகக் கொண்டுவரத் தச்சர் சென்டரிங்கை இம்மி பிசகாமல் செய்ய வேண்டும். பைசாந்தியர் மூலைவிட்டத்தை ஏறத்தாழ அரைவட்டமாகவே உயர்த்திவிட்டார்கள். உச்சி எழும்பியது, கூரை பாதி குவிமாடம் மாதிரி ஆகிவிட்டது. இப்போது நாலு பக்கத்திலிருந்தும் வரும் ஒவ்வொரு வரிசையும் சின்ன வளைவு. முந்தின வரிசையில் சாய்ந்துகொண்டு, மூலைவிட்டத்தில் பக்கத்து வரிசையோடு பூட்டிக்கொள்கிறது. எந்த நிலையில் வேலையை நிறுத்தினாலும் கட்டினவரை நிற்கும். மேலே போகப் போகக் கோடு மழுங்குவதும் இதனால்தான்.

#10 சந்தேகசாமி

இவ்வளவு நேரம் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் பங்கு.

அந்த நீர்த்தொட்டியில் 28 வரிசை, வரிசைக்கு 12 தூண். சுவரோரத்தையும் சேர்த்தால் 29 x 13, அதாவது 377 கட்டம், எல்லாம் ஒரே அளவு, ஏறத்தாழ 16 அடிச் சதுரம். சென்டரிங் போடுவதற்கு இதைவிட லட்டு மாதிரி வேலை உண்டா? பத்து அச்சுச் செய்து அடுத்தடுத்த கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போகலாமே. மரம் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கருங்கடல் கரையெல்லாம் காடு, திரேஸ் பக்கம் காடு. கப்பல் கட்ட மரம் இருந்தது, கூரைக்கு இல்லையா? பாலைவனத்து மண்கல்காரனுக்கு மரம் இல்லை என்றால் புரிகிறது. இவர்களுக்கு என்ன தலையெழுத்து?

#11 பாரந்தாங்கி

மரப் பஞ்சம் என்ற காரணத்தை நானும் நம்புவதில்லை. ஆனால் உங்கள் பத்து அச்சுக் கணக்கில் கரணை கேட்ட கேள்வி வந்து இடிக்கிறது. சுண்ணாம்பு மெதுவாக இறுகும், அதுவும் செங்கல் தடிமன் பட்டையில். அச்சு மேலே கட்டினால் அச்சை எப்போது எடுப்பீர்கள்? குறைந்தது சில வாரம் அது அங்கேயே சிறைப்பட்டிருக்கும். 377 கட்டத்தைப் பத்து அச்சில், ஒவ்வொன்றும் மூன்று வாரம் காத்திருந்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நூறு அச்சு செய்தால் சீக்கிரம் முடியும், ஆனால் நூறு அச்சுக்குத் தச்சர், மரம், ஆணி, தூக்க ஆள். வளையம் வளையமாகக் கட்டினால் காத்திருப்பே இல்லை. கட்டம் மூடியதும் கொத்தர் நகர்ந்துவிடலாம்.

அதற்காக மரமே தொடவில்லை என்று சொல்லவில்லை. தூணுக்குத் தூண் போகும் விளிம்பு ஆர்ச் சாய்வு வேலை இல்லை, அது வழக்கமான ஆர்ச். அதற்கு அச்சு வேண்டும். சின்ன அச்சு, அகலம் ஆர்ச்சின் கனம் அளவுக்குத்தான். அதை நகர்த்திக்கொண்டு போயிருப்பார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. உள்கட்டத்துக்கும் வடிவம் பிசகாமல் இருக்க ஒரு வளைந்த சட்டமோ கயிறோ வைத்திருக்கலாம். அது வழிகாட்டத்தான், பாரம் தாங்க இல்லை.

#12 ஏட்டுப்பூச்சி

சந்தேகசாமி கேட்டதற்கு நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. 1883இல் ஓகுஸ்த் ஷுவாசி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பைசாந்தியக் கட்டுமானம் பற்றி எழுதியபோது, சென்டரிங்கைத் தவிர்ப்பதுதான் இந்தக் கட்டடக்கலையின் ஆணிவேர் என்கிற அளவுக்குப் போனார். கட்டடத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணத்தில் அவர் வரைந்த படங்கள் இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் பார்ப்பவை. பிற்பாடு கட்டடம் கட்டடமாக அளந்து பார்த்தவர்கள், சாய்வு வேலையும் உண்டு, அச்சு வைத்த வேலையும் உண்டு, ஒரே கட்டடத்தில் இரண்டும் உண்டு என்றார்கள். ஷுவாசியிடம் ஒரு பொறியாளரின் பலவீனம்: அழகான விதி கிடைத்தால் எல்லா இடத்திலும் அதையே பார்ப்பது. பாரந்தாங்கி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

#13 பாரந்தாங்கி

கோபமில்லை, குறித்துவைத்துக்கொண்டேன் :)

#14 திண்ணைவாசி

அருமையாகப் போகிறது. அதே ஊரில் ஜஸ்டினியன் கட்டிய ஹாகியா சோபியா தேவாலயத்தின் பெரிய குவிமாடமும் இப்படித்தானா? 31 மீட்டர் அகலத்துக்கும் அந்தரத்தில் ஒட்டினார்கள் என்றால் நான் இழையை மூடிவிட்டுப் போகிறேன்.

#15 பாரந்தாங்கி

குவிமாடத்தின் கதை வேறு, ஒரு விதத்தில் சுலபம். குவிமாடத்தில் செங்கல் படுக்கை வளையமாக ஏறும். ஒவ்வொரு வளையமும் மூடியதும் தன்னைத்தானே நெருக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே விழ இடமில்லை. வளையம் முடிகிறவரை கடைசியாக வைத்த சில கற்கள் வழுக்காமல் இருந்தால் போதும். வடிவத்துக்கு நடுவிலிருந்து ஒரு கயிறோ கழியோ. பெரிய குவிமாடத்துக்குச் சாரம் பெரிதாக வேண்டும், ஆனால் முழு அரைக்கோளத்துக்கும் மர அச்சு வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குக் கீழே. குவிமாடத்தைத் தாங்குகிற நாலு பெரிய ஆர்ச்சும் சுமார் 31 மீட்டர் தாண்டுகின்றன. பின்னால் சாய்ந்துகொள்ள ஒன்றும் கிடையாது. அதைச் சென்டரிங் இல்லாமல் கட்டியதாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

#16 ஏட்டுப்பூச்சி

அதற்குக் கிட்டத்தட்ட நேரில் பார்த்தவன் சாட்சி இருக்கிறது. ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார்: கிழக்குப் பெரிய ஆர்ச் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் நடுவில் சேரவில்லை. கீழே பாரம் தாங்கிய தூண்கள் விரிசல் விட்டுப் பிளக்கப் பார்த்தன. கட்டட வல்லுநர்கள் அந்தேமியசும் இசிடோரும் பயந்துபோய்ப் பேரரசரிடம் ஓடினார்கள். அவர் "ஆர்ச்சை முடித்துவிடுங்கள், அது தன் மேலேயே தான் நின்றுவிட்டால் கீழே தாங்கல் தேவைப்படாது" என்றாராம். முடித்தார்கள், நின்றது. அரசரின் ஞானத்தைப் புகழ எழுதிய இடம், உப்பு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் முடியாத ஆர்ச் தாங்கலை நம்பியிருந்தது என்பது அதில் தெளிவு.

அடுத்த சம்பவம்தான் எனக்குப் பிடித்தது. வடக்கு, தெற்கு ஆர்ச்சுகள் முடிந்ததும் அவற்றுக்குக் கீழே இருந்த பகுதிகள் பாரம் தாங்காமல் செதில் செதிலாக உதிர்ந்தன. பேரரசர் ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டிருந்த மேல் வரிசைகளை எடுத்துவிடச் சொன்னார். கட்டடத்தின் ஈரம் காய்ந்த பிறகு திரும்ப வைக்கச் சொன்னார். "ஈரம் காய்ந்த பிறகு" என்று அப்படியே எழுதியிருக்கிறார். சுண்ணாம்பின் வேகத்தை யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

#17 கரணை

இதுதான் அண்ணா! கொத்தனாருக்குத் தெரிந்த பயம் இது. ஈரக் கலவை நசுங்கும். கல்லும் கலவையும் சரிபாதி என்றால் சுவர் உயரத்தில் பாதி சேறு. மேலே பாரம் ஏற ஏறக் கீழே அது நசுங்கி உட்காரும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்காராது. எத்தனை வருடத்தில் கட்டினார்கள்?

#18 ஏட்டுப்பூச்சி

532 பிப்ரவரியில் ஆரம்பித்து 537 டிசம்பரில் திறப்பு. ஆறு வருடம்கூட ஆகவில்லை.

#19 பாரந்தாங்கி

அந்த வேகத்துக்குக் கொடுத்த விலைதான் பின்னால் வந்தது. தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன, மேலே ஆர்ச்சுகள் விரிந்தன, குவிமாடம் வைக்கும்போதே அடிச் சதுரம் சதுரமாக இல்லை. முதல் குவிமாடம் இப்போதிருப்பதைவிடத் தட்டை. தட்டையாக இருந்தால் வெளியே தள்ளும் விசை அதிகம். 553, 557 நிலநடுக்கங்கள் ஆட்டிவிட்டன, 558 மே மாதம் கிழக்கு ஆர்ச்சும் குவிமாடத்தின் பெரும்பகுதியும் இறங்கின. இசிடோரின் உறவினர், இளைய இசிடோர், உயர்த்திக் கட்டினார். பழைய ஆண்டேடு 20 அடி கூடுதல் என்கிறது. 562இல் முடிந்தது. 40 விலாக்கள், அவற்றுக்கு நடுவில் அடியில் 40 சன்னல்கள். அந்தச் சன்னல்களைப் புகழ்ந்து கவிதை எழுதுகிறார்கள், ஆனால் குவிமாடம் விரிசல் விட ஆசைப்படுகிற இடமும் சரியாக அதுதான். விரிசல் வர வேண்டிய இடத்தில் சன்னலை வைத்துவிட்டார்கள்.

#20 சந்தேகசாமி

அதற்குப் பிறகாவது நின்றதா?

#21 ஏட்டுப்பூச்சி

முழுசாக இல்லை. 989 நிலநடுக்கத்தில் மேற்கு ஆர்ச்சும் குவிமாடத்தில் ஒரு துண்டும் போயின. ஆர்மீனியாவின் ஆனி நகரத்துக் கட்டட வல்லுநர் திரிதாத் வந்து சரிசெய்தார், 994இல் திறந்தார்கள். 1346இல் கிழக்குப் பக்கம் இறங்கியது, 1354 வாக்கில் திரும்பக் கட்டினார்கள். ஆக இன்று மேலே இருப்பது மூன்று காலத்துக் குவிமாடம்: வடக்கும் தெற்கும் 6ஆம் நூற்றாண்டு, மேற்கு 10ஆம் நூற்றாண்டு, கிழக்கு 14ஆம் நூற்றாண்டு. வட்டமும் இல்லை, ஒரு பக்கம் 31.9 மீட்டர், மறுபக்கம் 30.9.

இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு பழங்கதை சுற்றுகிறது. குவிமாடத்துக்கு ரோட்ஸ் தீவிலிருந்து விசேஷச் செங்கல் வந்ததாம், பன்னிரண்டு கல் சேர்த்தால் சாதாரணக் கல் ஒன்றின் எடைதானாம். கட்டி முடித்து முந்நூறு வருடம் போல ஆன பிறகு எழுந்த கதை. காணொளிகளில் இன்னும் உண்மைபோல ஓடுகிறது.

எடை குறைக்க நிஜமாகவே வேறு வழி கண்டவர்கள் இத்தாலியின் ரவென்னாவில் இருந்தார்கள். அங்கே சான் விட்டாலே தேவாலயத்தின் குவிமாடம், 547இல் அர்ப்பணித்தது, செங்கல்லே இல்லை. உள்ளே வெற்றிடமாக இருக்கிற சுடுமண் குழாய்களை ஒன்றின் வாயில் இன்னொன்றின் முனையைச் செருகிச் சுருளாக ஏற்றியது. வட ஆப்பிரிக்காவில் பழக்கத்தில் இருந்த நுட்பம். அதே பேரரசர் காலம், வேறு கை, வேறு பழக்கம்.

#22 கரணை

குழாய் வேலை பற்றித் தனி இழை போடுங்கள் ஏட்டுப்பூச்சி, அது பெரிய கதையாக இருக்கும் போலிருக்கிறது.

என் கேள்வி இன்னும் ஒன்று மிச்சம். பட்டை ஏன் அவ்வளவு தடிமன்? மெல்லிசாகப் போட்டால் நசுங்கலே குறைந்திருக்குமே.

#23 பாரந்தாங்கி

காரணம் பல இருக்கலாம், எனக்குப் படுவது மூன்று. செங்கல் சுட விறகும் ஆளும் செலவு. சுர்க்கியும் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையின் அளவை ஏற்றினால் கல் மிச்சம். அப்புறம், கல் ஆப்பு வடிவம் இல்லை, ஒரே கனச் சதுரம். வளைவு வர வேண்டுமென்றால் பட்டைதான் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிய வேண்டும். பட்டை தடிமனாக இருந்தால் அது கையோடு வரும். மூன்றாவது, செங்கல் நொய் கலந்த தடித்த கலவை நடத்தையில் கான்கிரீட் மாதிரி. உடனே உடையாது, இழுபட்டுக் கொடுக்கும், நிலநடுக்க ஊரில் அது ஒரு நன்மை.

எதிர்ப்பக்க உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லில் ஆரோவில் புவி நிறுவனம் அழுத்திய மண்கல்லில் சென்டரிங் இல்லாமல் வளைகூரை கட்டுகிறது. நூபிய முறையிலிருந்து வளர்த்தெடுத்தது, 10 மீட்டருக்கு மேல் தாண்டிய கூரையும் அங்கே உண்டு. அவர்கள் பட்டை ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான், மண்ணையே கூழாகக் கரைத்துப் பசை மாதிரி. கல் இயந்திரத்தில் அழுத்தியது, எல்லாம் ஒரே கனம், அதனால் மெல்லிய பட்டை சாத்தியம். பைசாந்தியச் சூளையில் வந்த கல் ஒன்றுக்கொன்று கோணலாக இருக்கும். அந்தக் கோணலைப் பட்டைதான் விழுங்க வேண்டும்.

#24 சந்தேகசாமி

பட்டைத் தடிமனுக்கு நிலநடுக்கம் காரணம் என்பதை மட்டும் நான் வாங்கவில்லை. அது விளைவாக வந்த நன்மை, யோசித்துச் செய்தது என்று காட்ட என்ன இருக்கிறது? மற்ற இரண்டும் சரி.

அந்த வளைகூரைகளில் ஆர்ச்சின் காலடியில் மரக்கட்டை ஓடுமே, அதை யாரும் பேசவில்லை. பல தேவாலயங்களில் ஆர்ச் கிளம்புகிற மட்டத்தில் குறுக்கே மர உத்தரம் கொடுத்திருக்கிறார்கள். சில இடத்தில் அறுத்து எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் இருக்கிறது. கலவை இறுகுகிறவரை ஆர்ச்சின் கால் விரியாமல் பிடிக்கத்தானே? சென்டரிங்குக்கு மரம் வேண்டாம் என்றவர்கள் கட்டிப் பிடிக்க மரம் போட்டிருக்கிறார்கள். காணொளிப் பையனிடம் சொல்லுங்கள்.

#25 பாரந்தாங்கி

நல்ல இடம் தொட்டீர்கள். அதேதான், இழுத்துப் பிடிக்க. மரமும் உண்டு, இரும்பும் உண்டு. வளையம் மூடியதும் கல் விழாது. ஆனால் பக்கவாட்டில் தள்ள ஆரம்பிப்பதும் அந்த நொடியிலிருந்துதான். ஈரச் சுவர் அந்தத் தள்ளலைத் தாங்காது. உத்தரம் அதைத் தாங்கிக்கொண்டு சுவர் இறுக அவகாசம் தருகிறது. அறுத்து எடுத்த பிறகும் பல கட்டடம் நிற்கிறது என்றால் அது வேலையை முடித்துவிட்டது என்று பொருள்.

#26 திண்ணைவாசி

கேட்டதைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் இஸ்தான்புல் போகத் திட்டம். செங்கல் வேலையைக் கண்ணால் பார்க்க எங்கே போகலாம்? நீர்த்தொட்டி போக.

#27 பொஸ்போரஸ்வாசி

ஹாகியா சோபியாவில் செங்கல்லைத் தேடாதீர்கள். கூரை முழுக்க மொசைக்கும் பூச்சும். 2024 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும் என்று ஆக்கினார்கள், அப்போது 25 யூரோ. கட்டணம் வலிக்கும், ஆனால் இந்த இழையைப் படித்தவர் போக வேண்டிய இடம் அதுதான். மேல்மாடத்தில் தூண் ஒன்றின் பக்கத்தில் நின்று, எதிரே இருக்கிற நேர்க்குத்தான ஏதாவது ஒரு விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். கரணை சொன்ன நசுங்கல் அது.

செங்கல்லுக்கு பின்பிர்திரெக் நீர்த்தொட்டி, 224 தூண். கூட்டம் குறைவு, தண்ணீர் இல்லை, கூரையை நிதானமாகப் பார்க்கலாம். சில நாள் நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விட்டு மூடிவிடுவார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காசே இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் தியோடோசியஸ் மதில், 5ஆம் நூற்றாண்டு. இடிந்த கோபுரங்களில் வளைகூரை பாதியாக உடைந்து குறுக்குவெட்டாக நிற்கிறது: செங்கல், பட்டை, சாய்வு எல்லாம் வெட்டிக் காட்டின மாதிரி. மாலையில் தனியாகப் போக வேண்டாம், சில பகுதி பாதுகாப்பு இல்லை. அப்புறம் ஸெய்ரெக் மசூதி, 12ஆம் நூற்றாண்டில் பாந்தோக்ரேட்டர் மடமாக இருந்தது. அதன் வெளிச்சுவரில் பட்டை செங்கல்லைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன் என்று தோன்றும். ஒன்றுவிட்டு ஒரு வரிசைச் செங்கல்லை உள்ளே தள்ளிக் கலவையால் மூடிவிட்டதால் வருகிற தோற்றம் அது.

#28 கரணை

திண்ணைவாசி, மதில் கோபுரத்தில் அந்தக் குறுக்குவெட்டைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்துப் போடுங்கள், நேராக எடுத்தால் சாய்வு தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். முதல் வளையம் சுவரை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆரம்ப மூலையில் கல்லை வெட்டி வைத்தார்களா, கலவையை ஆப்பாக அப்பினார்களா என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.